பன்னிரண்டாவது பயன்

“ஆபரேஷன் நாளைக்குடி, அடுத்த மாசம் இல்ல...”

“நான் என்ன ஊரை விட்டா ஓடறேன்? இங்கேருந்து நாலு தெரு தள்ளி...”

“நாலு தெருவோ நாப்பது தெருவோ, நீ பக்கத்துல இருக்க மாட்டே இல்ல?”

“என்னைக் கொஞ்சம் பேச விடேன்க்கா...”

“பேசு, பேசு. பேச்சுக்குத்தானே உனக்குச் சம்பளம். அப்பாவைக் கீறப்போற அன்னிக்கு மாநாடாம் மாநாடு!”

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி நடையில் நின்றுகொண்டுதான் இத்தனையும். கதவுக்கு உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பாவுக்குக் கேட்டிருக்கும். கேட்காத மாதிரி இருப்பதில் அவருக்கு நாற்பது வருட அனுபவம் உண்டு. வீடுவீடாக ஏறி இறங்கிக் கரன்ட் மீட்டர் பார்த்தவர் அவர். ஊரில் எந்த வீட்டுச் சண்டையையும் காதில் வாங்காமல் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு வந்தவர்.

சின்னவள் சுவரில் காகிதக் கட்டை அழுத்தி வைத்து நின்றபடியே நிரப்பிக்கொண்டிருந்தாள். அனுமதிப் படிவம், எட்டுப் பக்கம். பெரியவள் தையல்காரி. துணி என்றால் எட்டு மடிப்பையும் ஒரே பார்வையில் பார்த்துவிடுவாள். காகிதம் என்றால் தங்கையைத்தான் தேடுவாள்.

“பார்த்து எழுதுடி. என்ன வேகம் இது?”

“எனக்கு இதுதானே வேலை. சொந்த வீடா, வாடகையா? சொந்தம். கூட யார் இருக்கா? நீ. கடன்? இல்ல. முடிஞ்சுது.”

எட்டாம் பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில் ஒரு வரி: ‘இத்தகவல்களை நலம் விரும்பும் அமைப்புகளுடன் பகிரச் சம்மதிக்கிறேன்.’ பக்கத்துக் கட்டத்தில் டிக் முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தது. வேண்டாம் என்பவர்கள்தான் மெனக்கெட்டு அடிக்க வேண்டும். யாரும் அடிக்க மாட்டார்கள். அது சின்னவளுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் டிக்கை முன்னாலேயே அச்சடித்துவிடும் யோசனையை இரண்டு வருடத்துக்கு முன் ஆபீசில் சொன்னவளே அவள்தான். நம்ம கண்டுபிடிப்பு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பூரிப்பு. அந்தப் பூரிப்போடு கீழே கையெழுத்துப் போட்டாள்.

“நாலு மணிக்குத்தானே உள்ளே கூட்டிட்டுப் போவாங்க? மூணு மணிக்கெல்லாம் இங்க நிப்பேன்.”

“அப்பா கேட்டா?”

“ஆபீஸ் வேலைன்னு சொல்லு.”

“போன தடவையும் அதைத்தான் சொன்னேன்,” என்றாள் பெரியவள்.

சின்னவளின் வேலையை வெளியாட்களுக்கு விளக்குவது கஷ்டம். ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் ஒன்றில் அவள் ஆராய்ச்சியாளர். குழந்தைகளை ஆராய்வதில்லை. ஊரில் யாரிடம் சொத்து இருக்கிறது, அவர்கள் மனசு எப்போது இளகும் என்று ஆராய வேண்டும். பேப்பரில் இறப்பு அறிவிப்பைப் பார்த்து மற்றவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். அவள் தேதியைக் குறித்துக்கொள்வாள். அவள் குறித்துக் கொடுத்த வீட்டுக்கு வேறொருவர் போய்க் கண் கலங்குவார். அப்படி ஒரு பங்கீடு.

நன்கொடை திரட்டுவோர் மாநாட்டுக்கு அனுப்பும்போது இல்லத்தின் செயலாளர் அம்மா, மாநாட்டுக்காரர்கள் அச்சடித்து அனுப்பிய ஒரு தாளைக் கொடுத்தார். தலைப்பு: ‘மாநாட்டில் கலந்துகொண்டதால் விளைந்த பயன்கள்’. கீழே பன்னிரண்டு கோடுகள்.

“நீ போற செலவுல இங்க இருக்கற முப்பது பிள்ளைங்களுக்கும் ஒரு மாசம் பால் குடுக்கலாம்,” என்றார் செயலாளர். “குடுக்கல. உன்னைத்தான் அனுப்பறோம். அதனால நீ பாலை விட ஒசத்தியா எதையாவது கொண்டு வரணும். பன்னிரண்டும் நிரம்பணும். கூடவே சான்றிதழும் இருக்கணும்.”

“நிரம்பலைன்னா?”

“உனக்கு முன்னால இருந்தவரு பதினொண்ணோட வந்தாரு.”

அந்த முன்னால் இருந்தவரின் நாற்காலியில்தான் சின்னவள் அப்போது உட்கார்ந்திருந்தாள். ஒரு கால் ஆடும்.

ஆபரேஷன் அன்று காலை எட்டரைக்கு மாநாட்டு மண்டப வாசலில் மேசை போட்டுக் கழுத்துக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரும் தொகை திரட்டும் நிறுவனத்தார்க்குத் தங்க நிறம், நடுத்தரத்தார்க்கு நீலம், மீதிப் பேருக்குச் சாம்பல்.

“எதுக்குங்க நிறம்?” என்று கேட்டாள் சின்னவள்.

“யாரோட பேசலாம்னு தூரத்துலேருந்தே தெரிஞ்சிடும் மேடம். நேரம் மிச்சம்,” என்று அவள் கழுத்தில் சாம்பலை மாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள் மேசைப் பெண். பேச்சு அவளளவில் முடிந்துவிட்டது.

“போனை இந்தப் பையில போட்டுடுங்க. கவனம் சிதறக் கூடாதில்ல? போகும்போது பயன் தாளைக் காட்டி வாங்கிக்கலாம்.”

“எங்கப்பாவுக்கு இன்னிக்கு ஆபரேஷன்...”

“ரொம்ப வருத்தம் மேடம். பையில போடுங்க.”

துணிப்பை ஒன்றும் பேனா ஒன்றும் கொடுத்தார்கள். சின்னவள் உள்ளே போய் உட்கார்ந்த கையோடு தாளில் முதல் இரண்டு கோட்டை நிரப்பினாள். பை. பேனா. இன்னும் பத்து.

முதலில் மௌன அஞ்சலி. யாருக்கு என்று மாநாட்டுத் தலைவரே சொன்னார். அவர் உயரமானவர், ஒவ்வொரு சொல்லையும் துண்டு போர்த்துவது போல எடுத்து வைப்பவர்.

“கடந்த ஆண்டில், யாராலும் கேட்கப்படாமலே காலமாகிவிட்ட கொடையாளர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.”

எல்லோரும் எழுந்தார்கள். முன்வரிசையில் தங்கக் கயிறு ஒன்று குலுங்கி அழுதது. பிறகு தலைவர் பேசினார்.

“நண்பர்களே, நம்மைப் பிச்சைக்காரர்கள் என்று சிலர் கேலி பேசுகிறார்கள். பிச்சைக்காரருக்கு எதிரே நிற்பவர் யார் என்று தெரியாது. நமக்குத் தெரியும். அவர் வீடு எத்தனை அறை, அவர் பிள்ளை எந்த நாட்டில், அந்தப் பிள்ளை கடைசியாக எப்போது கூப்பிட்டான், எல்லாம் தெரியும். பெற்ற பிள்ளைக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது என்றால், சொல்லுங்கள், யார் உண்மையான பிள்ளை?”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சின்னவளும் தட்டினாள். தட்டிவிட்டு, ‘ஊக்கம்’ என்று மூன்றாவது கோட்டில் எழுதினாள்.

அடுத்த அமர்வு துக்க வீட்டுக்குப் போகும் நாளைப் பற்றியது. இதில் இரண்டு கட்சி உண்டு. ஐந்தாம் நாள் கட்சி, பத்தொன்பதாம் நாள் கட்சி. பல வருடப் பகை. காபி கூடத் தனித்தனி மேசையில்தான்.

“அஞ்சாம் நாள் போனா கை நடுங்கும். கையெழுத்து மாறிடும். பேங்க்ல திருப்பி அனுப்பிடுவான்!” என்றது ஒரு கட்சி.

“பத்தொன்பதாம் நாள் போனா கை நடுங்காது, சரி. மூளையும் வேலை செய்ய ஆரம்பிச்சிடுமே!” என்றது மற்றது.

“உங்க முறையில அழுகை இருக்கு, ஆதாரம் இல்ல!”

“உங்க முறையில ஆதாரம் இருக்கு, ஆள் இல்ல!”

சண்டை முற்றி நாற்காலி நகரும் நேரத்தில் நிபுணர் ஒருவர் மேடைக்கு வந்தார். மண்டபம் கப்சிப். குட்டையான, சாந்தமான மனிதர். குழந்தைக்குச் சோறு ஊட்டும் குரல்.

“சாவு வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?” என்று கேட்டார்.

எல்லோரும் பேனா மூடியைத் திறந்தார்கள்.

திரையில் ஒரு வளைவு தோன்றியது. மலை மாதிரி ஏறி உச்சியில் நின்றது. “இது ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு மணி நேரம். வெறும் வயிறு. கையில் ஊசி. எதிரே சுவர்க் கடிகாரம். மனிதன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக நேர்மையாக இருக்கிறான்.”

பின்வரிசையில் ஒரு சாம்பல் கயிறு கையைத் தூக்கியது. “அது நேர்மையா, பயமா சார்?”

“ஆய்வில் ரெண்டும் ஒரே கட்டத்தில்தான் வருது,” என்றார் நிபுணர் கனிவாக.

சின்னவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றரை. அப்பா காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். அந்த நினைப்பு வந்த சூட்டோடு கையும் தானாகப் போய், ‘புதிய அறிவு: நேரம்’ என்று எழுதிவிட்டது.

மதியம் ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றவளிடம் ஒரு கல்லூரிக்காரர் வந்தார். ஏதோ கல்லூரிக்குக் கட்டட நிதி திரட்டுபவர். கயிறு சாம்பல்.

“உங்க செருப்பைப் பார்த்தேன். வாடகை வீடு. தனியா இருக்கீங்க. சரியா?”

“சரி. உங்க சட்டைக் காலரைப் பார்த்தேன். வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல.”

“நாலு மாசமா,” என்றார் அவர். இருவருக்கும் ஏதோ திருப்தி. மீதி ரொட்டியைத் தின்றார்கள். ‘சக தொழிலாளர் நட்பு’ என்று ஒரு கோடு நிரம்பியது. இப்படியே தேற்றி ஒன்றரை மணிக்குள் பதினொன்றைத் தொட்டுவிட்டாள். பதினொன்றாவது, மண்டபத்துக் குளிர்சாதனம்.

பன்னிரண்டாவதுதான் கிடைக்கவில்லை.

ஒன்றரைக்கு நேரடிப் பயிற்சி. மேசைக்கு மூன்று பேர். எல்லா மேசைக்கும் ஒரே கோப்பு. அதில் இருக்கும் மனிதரின் மனத்தைத் திறக்கும் கடிதத்தை அரை மணியில் எழுத வேண்டும். சிறந்த கடிதத்துக்குத் தங்கக் கயிறு.

“ஒரு நெறிமுறை,” என்றார் தலைவர். “கோப்பில் இருப்பவரை நேரில் அறிந்தவர் எவரேனும் இருந்தால் உடனே வெளியேறிவிட வேண்டும். நாம் கண்ணியமான தொழிலில் இருக்கிறோம். சான்றிதழ் வழங்கப்படாது.”

சின்னவள் கோப்பைப் பிரித்தாள்.

‘ஆண். வயது எழுபத்து நான்கு. ஓய்வு பெற்ற மீட்டர் ஊழியர். மனைவி காலமாகிவிட்டார். பிரதான சாலையில் மூலை வீடு, சொந்தம், வில்லங்கம் இல்லை. மூத்த மகள்: தையல் வேலை, உடன் வசிக்கிறார். தடை. (மருந்து வாங்க அனுப்பி நீக்கலாம்.) இளைய மகள்: தனியே வசிக்கிறார்; அனுமதிப் படிவத்தைப் பதினொரு நிமிடத்தில் நிரப்பிவிட்டுச் சென்றார். சாதகம். இன்று மாலை நான்கு மணிக்கு அறுவை. மனத்தின் திறவுகோல்: கண்டறியவும்.’

சாதகம் என்ற சொல்லை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள்.

“என்ன மேடம், தெரிஞ்சவரா?” என்றார் கல்லூரிக்காரர்.

வெளியே போனால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் பதினொரு கோடு நிரப்பியும் வீண். ஆடும் காலோடு அந்த நாற்காலி அவள் கண்ணில் வந்து நின்றது. பயிற்சிதானே, காகிதத்தோடு போய்விடும், யார் வந்து அப்பாவிடம் நீட்டப்போகிறார்கள்?

“இல்ல. முதுகு பிடிச்சிக்கிச்சு,” என்று உட்கார்ந்தாள்.

கல்லூரிக்காரர் எழுத ஆரம்பித்தார். “மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் திருப்பெயரில் ஒரு கட்டடம்...”

“கட்டடம்னா அவருக்குப் பிடிக்காது.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மீட்டர் பார்த்தவருன்னு போட்டிருக்கே. ஆயுசு பூரா அடுத்தவங்க கட்டடத்துல படி ஏறினவருக்குக் கட்டடத்து மேல என்ன ஆசை இருக்கும்?”

“அட!” என்றார் அவர்.

மூன்றாவது ஆள் ஒரு கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மாள். “அப்போ, ‘உங்கள் அன்பு மனைவியின் நினைவாக’ன்னு...”

“அதுவும் வேண்டாங்க. பொண்டாட்டியைப் பத்தி அந்நியர் எடுத்தா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிப்பாரு.”

“நீங்க சொல்றதைப் பார்த்தா ஆளை எதிர்ல உட்கார வெச்சுப் பார்க்கிற மாதிரி இருக்கு. நீங்களே எழுதிடுங்களேன்.”

அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு மட்டமான கடிதமா அப்பாவுக்கு? மண்டபத்தில் இருபது மேசையிலும் இருபது பேர் அவரைத் தப்புத் தப்பாக எழுதிக்கொண்டிருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. இதைப் பாசம் என்று சொல்லலாமா, தொழில் திமிர் என்று சொல்லலாமா என்று அவளையே கேட்டிருந்தாலும் தெரிந்திருக்காது. பேனாவை எடுத்துவிட்டாள்.

பெண்கள் இருவரும் வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில், இருட்டினால் அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நிற்பார். பஸ் வரும் பக்கம் வெளிச்சத்தைக் காட்டிக் காட்டி அணைப்பார். பெரியவள் ஏழுக்கெல்லாம் வந்துவிடுவாள். சின்னவளுக்குத்தான் ஒன்பது, பத்து. அவள் படியேறிய பிறகுதான் சாப்பாடு. “ஸ்டேஷன் மாஸ்டர் விளக்குக் காட்டியாச்சு, வண்டி வந்தாச்சு, தட்டை வைங்க,” என்பாள் அம்மா. அந்தப் பேர் அந்த நாலு சுவரைத் தாண்டியதில்லை. அம்மாவோடு அதுவும் போயிற்று.

சின்னவள் மூன்றே வரி எழுதினாள்.

‘ஸ்டேஷன் மாஸ்டர் ஐயா, இன்னும் வீடு வந்து சேராத பிள்ளைகள் முப்பது பேர் எங்களிடம் இருக்கிறார்கள். ராத்திரி ஆகிவிட்டது. டார்ச்சை அணைத்துவிடாதீர்கள்.’

கண் ஆஸ்பத்திரி அம்மாள் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஸ்டேஷன் மாஸ்டர்னு எப்படிங்க தோணிச்சு?”

“சும்மா தோணிச்சு.”

இருபது கடிதமும் மேடைக்குப் போயின. தலைவரும் நிபுணரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு படித்தார்கள். நிபுணர் ஒரு தாளை மட்டும் எடுத்து வாசலில் நின்ற ஒருவர் கையில் கொடுத்தார். அவர் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பரிசை அறிவிக்க அரை மணி ஆயிற்று. இடையில் நன்றியுரைகள் ஏழு.

கடைசியில் தலைவர் அந்த மூன்று வரியைப் படித்தார். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. ஐந்தாம் நாள் கட்சியும் பத்தொன்பதாம் நாள் கட்சியும் சேர்ந்து தட்டியது சரித்திரத்தில் அதுவே முதல் தடவை என்றார்கள். சின்னவளை மேடைக்கு ஏற்றினார்கள். சாம்பலைக் கழற்றித் தங்கத்தை மாட்டினார்கள்.

“நம் மாநாட்டின் பெருமையே இதுதான்,” என்றார் தலைவர் மைக்கில். “பேசிக் கலையும் கூட்டம் அல்ல நாம். எழுதிய மை காய்வதற்குள் நம் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பலன் வெற்றி பெற்றவரின் இல்லத்துக்கே!”

சின்னவள் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். “பயிற்சின்னுதானே சொன்னீங்க?”

தலைவர் மைக்கைக் கையால் மூடினார். “பயிற்சிதாம்மா. உங்களுக்கு.”

“அவருக்கு?”

“அவருக்கு அது வாய்ப்பு.”

“சார், அவரு எங்க அப்பா.”

தலைவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. குரலை மட்டும் இறக்கினார். “இது என் காதுல விழல. விழுந்தா நான் நெறிமுறைப்படி நடக்கணும். இப்பவே போன் பண்ணி நம்ம ஆளைத் திருப்பிக் கூப்பிட்டுடுவேன். கடிதம் ரத்து, பரிசு ரத்து, சான்றிதழ் ரத்து, உங்க இல்லத்துக்கு வர்ற மூலை வீடும் ரத்து. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. மைக்கைத் தரேன். எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க.”

மைக்கை அவள் வாய்க்கு நேரே நீட்டினார். அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முன்வரிசையில் அவளுடைய செயலாளர் அம்மா, எப்போது வந்தாரோ, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்தில் அவர் சின்னவளைப் பார்த்துச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“நன்றி,” என்றாள் சின்னவள்.

அவள் படி இறங்கும்போதே பின்னால் மணி அடித்தது. திரும்பிப் பார்த்தாள். திரையில் பச்சை எழுத்து: ‘கையெழுத்தானது. மணி 2.52.’ சான்றிதழைச் சுருட்டி யாரோ அவள் கையில் திணித்தார்கள். கை குலுக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடி வருவதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

“என் போன்! சீக்கிரம்!”

“தாள் மேடம்,” என்றாள் மேசைப் பெண். இப்போது எழுந்து நின்று பேசினாள், கயிறு தங்கமாயிற்றே. வாங்கி ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தாள். “பதினொண்ணுதான் இருக்கு மேடம்.”

“எங்கப்பா ஆஸ்பத்திரியில...”

“ரொம்ப வருத்தம் மேடம். இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

சின்னவள் பேனாவைப் பிடுங்கிப் பன்னிரண்டாவது கோட்டில் இரண்டு சொல் எழுதினாள். மூலை வீடு.

மேசைப் பெண் படித்தாள். “ரொம்ப நல்ல பயன் மேடம்,” என்று போனை நீட்டினாள். கைக்கு வந்தபோதே அது அதிர்ந்துகொண்டிருந்தது.

“எங்கடி தொலைஞ்சே?” என்றாள் பெரியவள்.

“வந்துட்டே இருக்கேன்க்கா, வாசல்ல நிக்கறேன்...”

“இனிமே வந்து என்ன? முன்னாலேயே உள்ளே தள்ளிட்டுப் போயிட்டாங்க. கதவு மூடியாச்சு.”

“அப்பா என்ன சொன்னாரு?”

“நான் எங்கே பக்கத்துல இருந்தேன்? ஒருத்தன் சீட்டைக் குடுத்து, அவசர மருந்து, உடனே வாங்கிட்டு வாங்கன்னான். மூணு கடை ஏறி இறங்கினேன். அப்படி ஒரு மருந்தே கிடையாதாம். ஓடி வந்து பார்த்தா, எவனோ கோட்டுப் போட்டவன் வெளியே போறான். அப்பா கண்ணெல்லாம் ஈரம். வீட்டை எழுதிக் குடுத்துட்டேன்மாங்கறாரு.”

“அக்கா...”

“யாருக்குப்பான்னா, வீடு வந்து சேராத பிள்ளைங்களுக்குங்கறாரு. உளர்றாரோன்னு பயந்துட்டேன். என் மெஷினை நான் எங்கேடி தூக்கிட்டுப் போவேன்? கேட்டா சிரிக்கறாரு. பயப்படாதே, வந்தவரு நம்ம சின்னவ அனுப்பின ஆளு, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்கறாரு. இல்லப்பா, அவளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு உனக்காகச் சண்டை போட்டேன். ஸ்ட்ரெச்சர்ல தள்ளிட்டுப் போறாங்க, கூடவே ஓடிக்கிட்டே சண்டை போட்டேன்.”

“என்னை ஏன் சொன்னாரு?”

“வந்தவன் கட்டில் பக்கத்துல குனிஞ்சு, ஸ்டேஷன் மாஸ்டர் ஐயான்னு கூப்பிட்டானாம்.”

சின்னவள் வாசல் படியில் நின்றாள். உள்ளே மறுபடியும் கைதட்டல் கேட்டது.

“அது அம்மா வெச்ச பேரு. அம்மா போயாச்சு. அப்பா அதை வாய் விட்டுச் சொன்னதே இல்ல. நான் யார்கிட்டயும் சொல்லல,” என்றாள் பெரியவள். “அப்போ மிச்சம் யாருடி?”